நாலு வளையலும் ஒரு நீல பத்மினியும்

தார்ப்பாயைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பழைய இரும்பு வியாபாரி, "டயரோட சேத்து பன்னிரண்டாயிரம் தர்றேன் அண்ணாச்சி" என்றார். தூத்துக்குடியில், ஒரு வீட்டு வேப்பமரத்தடியில் அஞ்சு வருஷமாக அசையாமல் நின்ற 1978 மாடல் பிரீமியர் பத்மினிக்குக் கிடைத்த விலை அது.

திண்ணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை. "குடுத்துருல. வாசலக் கூட்டவாவது எடம் கிடைக்கும்."

மகன் கொடுக்கவில்லை. அவருக்கு வயது 47. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறார். மாடியில் ஓர் அறை கட்டச் சேர்த்துவைத்திருந்த பணத்தை எடுத்து அந்தக் காரைச் சரிசெய்யப்போகிறேன் என்று அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னார். அம்மா தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாரே தவிர, பதில் சொல்லவில்லை. 2023-ம் வருஷக் கடைசி அது.

அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் பழக்கம் சிறு ஊர்கள்வரை பரவிய காலத்தில், வெளியூர் ஆர்டர்களுக்கு லைட்டையும் ஸ்டாண்டையும் பஸ்ஸில் ஏற்றிப்போய் மாளவில்லை. 1989-ல் செகண்ட் ஹேண்டில் இந்தப் பத்மினியை வாங்கினார். கோவில்பட்டி, திருச்செந்தூர், சாத்தான்குளம் என்று முகூர்த்த நாளெல்லாம் ஓடியது. பின்சீட்டில் லைட் குடைகளுக்கு நடுவே மகனும் தங்கச்சியும் தூங்கிக்கொண்டே வருவார்கள். இடது ஓரம் அம்மா. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் கியர் கம்பியை அப்பா மேலும் கீழும் தள்ளுவதைப் பார்ப்பதற்காகவே மகன் விழித்திருப்பாராம்.

யார் வந்தாலும் அப்பா ஒரு வாக்கியம் சொல்வார்: "சொந்தச் சம்பாத்தியத்துல வாங்குன வண்டி." 2019-ல் அப்பா போன பிறகு, மகனும் அதையே சொல்ல ஆரம்பித்தார்.

பத்மினியின் கதை அறுபதுகளில் தொடங்குகிறது. மும்பை குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1964-ல் இத்தாலிய ஃபியட் 1100 டிலைட்டைத் தயாரிக்க ஆரம்பித்தது. அந்த வண்டிதான் எழுபதுகளில் பெயர் மாறி பத்மினி ஆனது. பெயர் சித்தூர் ராணி பத்மினியுடையது. நாட்டியப் பேரொளி பத்மினி என்று நினைத்துக்கொண்டிருந்தால் உங்கள் மேல் தப்பில்லை, இந்த வீட்டிலும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1,089 சி.சி. இன்ஜின். பவர் ஸ்டீயரிங், ஏ.சி. என்ற பேச்சே கிடையாது. 2000-வாக்கில் தயாரிப்பு நின்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் 30-ம் தேதியோடு சாலையிலிருந்து விடைபெற்றன. அந்தச் செய்தியைப் போனில் படித்த வாரத்தில்தான் இரும்பு வியாபாரி வாசலுக்கு வந்தார். மகன் பிடிவாதமாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

காந்தம் வழுக்கிய இடம்

பிரேக் இறுகிப்போய்ச் சக்கரமே சுற்றவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் பட்டறைக்குப் போனது. டிங்கர் அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல். சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக் காரின் உடம்பில் அங்கங்கே வைத்துப் பார்த்தார். கதவு மேல்பாகத்தில் சட்டென்று ஒட்டியது. பின்சக்கர வளைவில் வைத்தபோது வழுக்கிக் கீழே விழுந்தது.

"ஒட்டுனா தகரம் தம்பி. விழுந்தா பட்டி."

பழைய கார் வாங்கப்போகிறவர்கள் இந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டாலே பாதிப் பணம் மிஞ்சும். உளி வைத்துத் தட்டியதும், பிஸ்கட் கனத்துக்குப் பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. உள்ளே கம்பி வலை, அதற்குள் சுருட்டித் திணித்த சாக்கு. எந்தக் காலத்திலோ யாரோ ஓட்டையை அடைத்து, மேலே வழவழவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவும் அதை நம்பி வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்.

பத்து நாளில் கார் எலும்புக்கூடானது. கழற்றிய ஒவ்வொரு திருகையும் இனிப்பு டப்பாக்களில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி ஒட்டி, போனிலும் படம் எடுத்துவைத்தார் மகன். (அப்படியும் கடைசியில் ஏழு திருகுகள் மிஞ்சின. எங்கே போக வேண்டியவை என்று இன்றுவரை தெரியவில்லை.) கால்மிதியைத் தூக்கியபோது தரையில் கைபோகும் அளவுக்கு ஓட்டை. கீழே பட்டறைச் சிமென்ட் தெரிந்தது. ஸ்டெப்னி வைக்கும் குழி, ஜாக்கி வைக்கும் இடம், கதவுகளின் அடிப்பாகம் எல்லாம் அப்பளமாகியிருந்தன.

கடற்கரை ஊர் என்பதால் உப்புக்காற்று காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். அது பாதிதான் உண்மை என்றார் அண்ணாச்சி. எந்தக் காரிலும் மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறக் கதவின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும். இந்தக் காரில் அந்தத் துளைகளை வேப்பிலைச் சருகு அடைத்துவிட்டது. தண்ணீர் உள்ளேயே தேங்கி, தகரம் உள்ளிருந்து வெளியே அரித்திருக்கிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும். போதாததற்குத் தார்ப்பாய். காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டியதால் மண்ணின் ஈரம் அடியிலேயே நின்றுவிட்டது. அந்தக் கயிற்றை இறுக்கிக் கட்டியவர் மகன்தான். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்தார்.

பத்மினிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. உடம்பே எலும்பு. அதனால் தரையை வெட்டுவதற்கு முன்பு, கதவு வாசல்களில் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்துக் கூட்டைத் தாங்கவைத்தார்கள். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. துருவின் மேலேயே தகடு வைத்து ஒட்டினால் செலவு பாதியாகும் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். அண்ணாச்சி சிரித்தார். "சொத்தப் பல்லுக்கு மேல தொப்பி போட்டா வலி போயிருமா?" நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, 18 கேஜ் ஷீட்டை அளவுக்கு மடக்கி வைத்தார். ஒரே இழுப்பில் வெல்டிங் செய்தால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும். ஒரு பொட்டு இங்கே, ஆறவிட்டு இன்னொரு பொட்டு அங்கே. தரைக்கு மட்டும் ஆறு வாரம் போனது.

வண்ணம் என்ன என்ற பேச்சு வந்தது. மகனுக்குச் சந்தேகமே இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த வெள்ளைதான். வண்ண அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து எந்த வெள்ளை என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை மாதத்தில் முதல்முறையாக அம்மா அந்தக் காரைப் பற்றிப் பேசினார்.

"அது வெள்ள வண்டி இல்லல. நீலம். கல்யாணத்துக்கு மாப்ள அழைப்புக்கும் வாடகைக்கு விடலாம்னு உங்கப்பாதான் வெள்ள அடிச்சாரு."

மறுநாள் டிக்கி ரப்பரைப் பிய்த்தபோது, அதன் அடியில் விரல் அகலத்துக்கு வெளிர் நீலம் ஒரு கோடாக இருந்தது. மகன் அந்த இடத்தைப் படமெடுத்துவந்து காட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதைவிட கொஞ்சம் அடர்த்தியா இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பிரைமர் அடித்து, மெல்லிசாகப் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரில் தேய்தேய் என்று தேய்த்து முடிக்கும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் பெயின்ட் அடித்தால் பளபளப்பு செத்து வெளிறிவிடும் என்று பெயின்டர் கையைக் கட்டிக்கொண்டார். இரண்டு மாதம் கார் சாம்பல் நிறத்தில் காத்திருந்தது. இன்ஜின் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது நல்லபடியாகவே இருந்தது. கார்பரேட்டரைக் கழுவி, பாயின்ட், பிளக், வயரிங் மாற்றி, பிரேக் சிலிண்டர்களைப் புதுசாகப் போட்டதும் உறுமிவிட்டது. சிக்கல் கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம் மாதிரி சில்லறைச் சாமான்களில்தான். சென்னை புதுப்பேட்டைக்கு இரண்டு நடை, கோவை உக்கடத்துக்கு ஒரு நடை. ஒரு கண்ணாடி இறக்கும் கைப்பிடிக்காக ரயிலில் போய்வந்த கணக்கை அவர் வீட்டில் சொல்லவில்லை.

மொத்தச் செலவு மூன்று லட்சத்து எண்பதாயிரம். இந்தப் பணத்துக்குச் சுமாரான ஒரு செகண்ட் ஹேண்ட் கார் ஏ.சி.யோடு கிடைத்திருக்கும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சரியான கணக்குதான், மறுக்க முடியாது.

கதவு அட்டைக்குள் இருந்தவை

கடைசியாகக் குஷன் கடை. சீட்டின் ஸ்பிரிங்குகள் நன்றாக இருந்தன. மேலே இருந்த தேங்காய் நார் தூளாகியிருந்தது. உதறியபோது கொண்டை ஊசி, பத்துப் பைசாக்கள், தங்கச்சியின் ஒற்றைக் கம்மல், ஒரு துண்டு நெகட்டிவ் எல்லாம் விழுந்தன. நாரை மாற்றி, மேலே ஃபோம் வைத்து, பழுப்பு ரெக்சினில் பழையபடியே பைப்பிங் வைத்துத் தைத்தார்கள். ரூஃப் லைனிங்கை இழுத்து ஒட்டுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஒரு சுருக்கம் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

பின்பக்க இடது கதவின் உள் அட்டையைக் கழற்றிய பையன், "அண்ணாச்சி, என்னமோ பேப்பர் இருக்கு" என்று கூப்பிட்டான். பாலித்தீன் உறைக்குள் நான்கைந்தாக மடித்த காகிதங்கள். அடகுக் கடைச் சீட்டுகள். வளையல் நாலு, மொத்தம் நாலு பவுன், 1989. பின்னால் மூன்று வருஷத்துக்கு வட்டி கட்டிய குறிப்பு. அதன்பிறகு ஒன்றுமில்லை.

அப்பாவின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து மகன் வீட்டுக்கு ஓடினார். வளையலை மீட்க அப்பா எவ்வளவு முயற்சி செய்திருக்கிறார் பார் என்று அம்மாவிடம் காட்டத்தான். அம்மா சீட்டை வாங்கி, படிக்காமலே மடித்தார்.

"வட்டி கட்டப் போனது யாருன்னு நெனச்ச? நாந்தான்ல மாசாமாசம் போவேன். வீட்டுல வச்சா உங்க ஆச்சி கண்ணுல பட்டுரும்னு நாந்தான் கதவுல சொருகி வச்சேன். வீடியோ கேமரா வாங்குன வருஷம் வட்டி கட்ட முடியல. முங்கிப்போச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "வளையல் போனதுகூட போவட்டும். ஊர் பூரா சொந்தச் சம்பாத்தியம், சொந்தச் சம்பாத்தியம்னு சொல்லிட்டு இருந்தாரு பாத்தியா. நானும் பக்கத்துலதான நிப்பேன்."

டிங்கர் அண்ணாச்சியிடம் முதல் நாள் காரைக் காட்டும்போது அதே வாக்கியத்தை மகனும் சொல்லியிருந்தார். அன்று அவரால் சாப்பிட முடியவில்லை.

காருக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. பதிவான நாளிலிருந்து 15 வருஷம் கடந்த சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் காருக்கு 2018-லேயே முடிந்திருந்தது. அப்பா அப்போது படுத்த படுக்கை. புதுப்பிக்க 25-ம் நம்பர் படிவம், உரிமையாளர் இறந்துவிட்டதால் வாரிசு பெயருக்கு மாற்ற 31-ம் நம்பர் படிவம், வாரிசுச் சான்றிதழ், பசுமை வரி, தாமதத்துக்கான அபராதம். மகன் பெயருக்கு மாற்ற அம்மாவும் தங்கச்சியும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். பெங்களூரிலிருந்து தங்கச்சி உடனே அனுப்பிவிட்டார். அம்மாவின் காகிதம் மட்டும் டி.வி. மேல் ஒரு வாரம் கிடந்தது.

எட்டாம் நாள் மகன் கேட்டே விட்டார். "கையெழுத்து போட இஷ்டமில்லையாம்மா?"

"என் பேருக்கு மாத்துல. நீயும் உன் தங்கச்சியும் கையெழுத்துப் போடுங்க."

தங்கச்சி போனில் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. புதுசாகக் காகிதங்கள் தயாராயின. ஆய்வுக்குக் காரைக் கொண்டுபோன அன்று 74 வயது அம்மாவும் கூடப் போனார். "ஓட்டப்போறது யாரும்மா?" என்று கேட்டார்கள். "இவன் ஓட்டுவான். வண்டி என்னுது" என்றார். ஆர்.சி. அட்டை வந்ததும், ரேஷன் கார்டு வைக்கும் சுருக்குப்பையில் போய்ச் சேர்ந்தது.

முதல் பயணம் திருச்செந்தூருக்கு. முன்சீட்டில் உட்காரச் சொன்னால் அம்மா கேட்கவில்லை. பின்னால் இடது ஓரம்தான். வெயிலில் ரெக்சின் சுடும் என்று பழையபடி ஒரு துண்டை விரித்துக்கொண்டார். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரத்தில், கதவு அட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கன ஒரு சந்து இருந்துச்சே, அடச்சிட்டானா?" என்று கேட்டார். குஷன் கடைக்காரர் அதைக் கச்சிதமாகப் பொருத்தியிருந்தார். மகன் அதைப் பெருமையாகச் சொல்லப்போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆத்தூரில் டீக்கடை ஓரமாக நிறுத்தியதும் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். இன்னொருவர் செல்ஃபி எடுத்தார். "என்ன அண்ணாச்சி, பழைய பத்மினியா? ஆரு வண்டி?"

மகன் வாயைத் திறப்பதற்குள், பின்பக்கக் கண்ணாடி கிறுகிறுவென்று கீழே இறங்கியது.

"என்னுதுதான்யா" என்றார் அம்மா. "ஏல, சீனி கம்மியா ஒரு டீ சொல்லு."