வாசலில் நின்ற நோய்

 

உங்கள் வீட்டு அலமாரியில், பழைய மின்கட்டண ரசீதுகளுக்கும் திருமண அழைப்பிதழ்களுக்கும் இடையே, யாரேனும் ஒருவரது இரத்தப் பரிசோதனைத் தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கக் கூடும். இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் அதனைத் தேடியெடுத்து ஒருமுறை பாருங்கள். எங்கள் வீட்டிலும் அப்படியொரு தாள் இருந்தது. மூன்றாண்டுக் காலம் அதனை எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான்.

என் உம்மா காயல்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். வாப்பா மர்ஹூமான பின்னர், 1998ஆம் ஆண்டில், அவர்களை என்னோடு சென்னைக்கு அழைத்து வந்தேன். மண்ணடியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் குடித்தனம். லிஃப்ட் கிடையாது.

ஊரில் இருந்தவரை உம்மா ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காயல்பட்டினத்தை அறிந்தோர்க்கு 'முடுக்கு' என்றால் என்னவென்று தெரியும். பெண்கள் போய்வருவதற்கென்று வீடுகளுக்கிடையே அமைந்த குறுகலான சந்து அது. அஸர் தொழுததும் உம்மா துப்பட்டியைப் போர்த்திக் கொண்டு முடுக்கு வழியே புறப்பட்டு விடுவார்கள். பிள்ளை பெற்ற வீடு, நோயாளி இருக்கும் வீடு, மய்யித்து வீடு, சும்மா பேசிக் கொண்டிருக்க ஒரு வீடு என்று சுற்றி விட்டு மஃரிபுக்குள் திரும்புவார்கள். அதனை எவரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உம்மா சிரித்திருப்பார்கள்.

மண்ணடியில் அந்த நடை நின்று போயிற்று. காய்கறி வாங்கக்கூட இறங்க வேண்டியதில்லை. கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கினால் போதும். "உம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை" என்று நான் உறவினரிடம் பெருமையாகச் சொல்லிக் கொண்டிருந்த காலம் அது.

2003ஆம் ஆண்டில் கண்புரை அறுவைக்கு முன்பாக உம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். வெறும் வயிற்றில் சர்க்கரை மிகுதியாக இல்லை. எனினும் அந்த மருத்துவர் ஐயுற்று, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கச் சொன்னார். 168 என்று வந்தது. 140க்குள் இருந்தால் நலம். 200ஐத் தொட்டால் நீரிழிவு. இடைப்பட்ட அளவு அது. "சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் வந்து நிற்கிறது. தினமும் நடக்கச் சொல்லுங்கள்" என்றார் மருத்துவர்.

'வரவில்லை' என்ற சொல் மட்டுமே எங்கள் செவியில் விழுந்தது. அன்றிரவு வீட்டில் வட்டிலப்பம் செய்தோம்.

2006ஆம் ஆண்டில் உம்மாவின் வலக்காலில் ஒரு சிறு புண் ஏற்பட்டது, ஆறவில்லை. சோதித்தபோது சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தது. அதன்பின் நடந்தவற்றை விரித்துரைக்க மனம் வரவில்லை. இரண்டு விரல்களை இழந்து, இறுதியில் பார்வையும் மங்கி, 2014ஆம் ஆண்டில் உம்மா இறைவனடி சேர்ந்தார்கள்.

சில மாதங்களுக்கு முன்பு, மருத்துவம் பயிலும் என் மருமகன் (ராத்தாவின் மகன்) ஓர் ஆய்வுக் கட்டுரையின் படியை என்னிடம் கொடுத்து, "மாமா, இதைப் படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்ததுதான்" என்றான். ஆங்கிலம் எனக்கு ஓரளவே தெரியும். அவன் உடனிருந்து விளக்கினான். படித்து முடித்தபோது, சகோதரர்களே, எனக்கு அன்று உணவு இறங்கவில்லை.

மண்ணடியிலிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கிறது இராயபுரம். 1948ஆம் ஆண்டில் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய பேராசிரியர் எம். விஸ்வநாதன், 1954ஆம் ஆண்டில் நிறுவிய எம்.வி. மருத்துவமனை அங்குதான் உள்ளது. நோயாளிகளுக்கு மருந்தெழுதிக் கொடுப்பதோடு நில்லாமல், தெருத்தெருவாகச் சென்று கணக்கெடுத்து உலக மருத்துவ இதழ்களில் வெளியிட்டு வந்தவர்கள் அங்கிருந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர். 1980களின் இறுதியில் சென்னை நகரில் வயது வந்தோரில் நூற்றுக்கு 8.2 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அவர்கள் கண்டனர்; கிராமப்புறத்தில் அது 2.4தான். 1995இல் நகரின் கணக்கு 11.6 ஆயிற்று. 2000இல் 13.5. 2006இல் 18.6. நான் உம்மாவைக் கிராமத்துக் கணக்கிலிருந்து பெயர்த்தெடுத்து நகரத்துக் கணக்கில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன் என்பது இந்த எண்களைப் பார்த்த பின்னரே எனக்கு உறைத்தது.

மருமகன் கொடுத்த கட்டுரை 2006இல் வெளிவந்தது. உம்மாவைப் போலவே நோய் வாசலில் நின்ற 531 பேரை அவர்கள் தெரிந்தெடுத்து நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டுமே. இரண்டாம் பிரிவினர் நாள்தோறும் குறைந்தது அரை மணி நேரம் விரைந்து நடக்க வேண்டும். சர்க்கரையையும் தீட்டிய மாவையும் எண்ணெயையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். மூன்றாம் பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு நடையும் மாத்திரையும் சேர்த்து. மாத்திரை முதலில் 500 மில்லிகிராம் வீதம் இரு வேளை கொடுக்கப்பட்டது. சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்ததற்கான அறிகுறிகள் தோன்றவே, 250ஆகக் குறைக்கப்பட்டது. நம்மவர் உடலுக்கு அந்தச் சிறிய அளவே வேலை செய்தது.

மூன்றாண்டு முடிவில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்து விட்டது. பாதிக்கும் மேல்! அமெரிக்காவில் இதே போன்று நடந்த பெரிய ஆய்வொன்றில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினொருவர் வீதமே நோய்க்கு ஆளாயினர். இங்கோ ஆண்டுக்குப் பதினெட்டுப் பேர். இத்தனைக்கும் அமெரிக்க ஆய்வில் இருந்தோர் மிகப் பருமனானவர்கள், நம்மவர் அப்படியல்லர். "நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்று சொல்லி ஆறுதல் அடைவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

நடந்து, உணவைத் திருத்திக் கொண்டவர்களில் 39.3 பேருக்கே நோய் வந்தது. மாத்திரை உண்டவர்களில் 40.5. இரண்டையும் செய்தவர்களில் 39.5. அதாவது, மாத்திரை செய்ததை நடையே செய்து விட்டது. இரண்டையும் சேர்த்ததால் தனிப்பயன் ஏதும் விளையவில்லை. நடந்தவர்களின் எடையும் குறையவில்லை என்பது இன்னொரு வியப்பு. எடை குறையாமலே நோய் தடைப்பட்டது எங்ஙனம்? தசை இயங்கும்போது, இன்சுலினின் ஏவலுக்குக் காத்திராமல், இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக் கொள்ளும். உட்கார்ந்திருக்கும் தசைக்கு அந்த வேலை இல்லை. (ஒன்றை இங்கே சொல்லி விடுகிறேன். இது நோய் வருமுன் நின்றவர்களைப் பற்றிய ஆய்வு. ஏற்கெனவே நோய்க்கு மருந்துண்போர் இதைப் படித்து விட்டு மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள்.)

இதற்காக மருத்துவமனை செய்த செலவுதான் என்ன? மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, "நடக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் வரவழைத்துப் பார்த்தார்கள். அவ்வளவே. ஒரே கூரையின் கீழிருந்த நான் உம்மாவிடம் அக்கேள்வியை மூன்றாண்டில் ஒருமுறையேனும் கேட்டேனா?

கட்டுரையில் என்னை மேலும் நிறுத்தி வைத்தது ஓர் அட்டவணை. 531 பேரில் ஆண்கள் 421. பெண்கள் 110 பேர்தாம். அலுவலகங்களின் வாயிலாக அழைப்பு விடுத்து, பணிபுரிவோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் சேர்த்ததால் அப்படி அமைந்திருக்கக் கூடும். அக்குழுவினரே பின்னர் இலண்டன் அறிஞர்களுடன் சேர்ந்து, கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே நடக்கத் தூண்டினால் பயனுண்டா என்று ஆராய்ந்தனர். 2013இல் வெளிவந்த அதன் முடிவும் நல்ல முடிவே: செய்தி பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாதவர்களில் 27 பேருக்கும் நோய் வந்தது. ஆனால் அதிலிருந்த 537 பேரும் ஆண்கள்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அம்மருத்துவர்கள் நம் தெருக்களுக்கு வந்து, நம் வீட்டுக் கதவைத் தட்டி, "குளுக்கோஸ் நீர் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருங்கள் அம்மா" என்று கேட்டிருந்தால் நாம் எத்தனை பேர் அனுமதித்திருப்போம்? ஆண்களாகிய நாம் தொழுகைக்கென்று ஐவேளையும் பள்ளிவாசலுக்கு நடக்கிறோம். (அந்த நடையையும் இப்போது மோட்டார் சைக்கிள் பறித்துக் கொண்டு விட்டது, அது வேறு கதை.) நம் வீட்டுப் பெண்களுக்கு அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள பத்தடிதான் நடை. நகரத்து அடுக்குமாடியில் முடுக்கு ஏது?

2023இல் வெளிவந்த அகில இந்தியக் கணக்கின்படி, நாட்டில் நீரிழிவுற்றோர் 10 கோடியே 10 லட்சம் பேர். வாசலில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் பேர். இரண்டாவது தொகையில் ஒருவர் என் ராத்தா.

சென்ற ஆண்டு ராத்தாவின் பரிசோதனைத் தாளில் 172 என்றிருந்தது. உம்மாவைப் பறிகொடுத்த பயத்தில் நானே வற்புறுத்திச் சோதிக்கச் செய்தேன். "நடக்கச் சொல்கிறீர்களே தம்பி, எங்கே நடப்பது? கடற்கரைக்கு வந்து ஆண்கள் நடுவே ஓடச் சொல்கிறீர்களா?" என்று ராத்தா கேட்டார்கள். என்னிடம் மறுமொழி இல்லை. மொட்டை மாடியிலோ சுற்றிலும் பிற வீட்டுச் சன்னல்கள். அந்தி சாய்ந்தால் இருட்டு.

மச்சான்தான் வழி சொன்னார். எங்கள் பகுதி ஜமாஅத்துக்குச் சொந்தமான திருமண மண்டபம் வாரத்தில் நான்கைந்து நாட்கள் பூட்டியே கிடக்கிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அதைப் பெண்களுக்குத் திறந்து விட்டால் என்ன? நிர்வாகிகளிடம் சென்று கேட்டோம். "நடப்பதற்கா? மண்டபத்துக்குள்ளா?" என்று ஒரு பெரியவர் இருமுறை கேட்டார். மருமகனின் கட்டுரையை எடுத்து வைத்து, 55 என்றும் 39 என்றும் நான் விளக்கத் தொடங்கியதும், அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். தம் வீட்டாரும் மூன்றாண்டுகளாக மாத்திரை உண்பதாகச் சொல்லி, சாவியை மேசை மீது வைத்தார்.

இப்போது பதினான்கு பெண்கள் வருகிறார்கள். நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி விட்டு, மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். எவர் வீட்டில் பிள்ளை பிறந்தது, எவர் வீட்டுச் சம்பந்தம் முறிந்தது என்ற பேச்செல்லாம் நடந்துகொண்டே பேசி முடிகிறது. மாதத்தின் முதல் வெள்ளியன்று, வராதவர்கள் வீட்டுக்கு ராத்தா தொலைபேசி செய்து, "நடக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள்.

ஷவ்வால் பிறந்தால் திருமணங்கள் மிகுதி. மண்டபச் சாவியைத் திருப்பிக் கேட்பார்கள். ஆகவே, மொட்டை மாடியில் தட்டி கட்டி மறைத்து, இரண்டு குழல் விளக்குகள் போட எலெக்ட்ரீஷியனை வரும் ஞாயிறன்று வரச் சொல்லியிருக்கிறேன்.