தாழத் தொங்கும் விளக்கு

திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் திருவனந்தபுரத்தில் உருவாக்கிய சந்தை எங்கள் சாலைக் கம்போளம். பித்தளைத் தூக்கு விளக்கு வேண்டுமானால் இங்கே பாத்திரக் கடைகளில் சங்கிலியோடு எடை போட்டுத் தருவார்கள். எழுத்தாளர் ஆ. மாதவன் காலமெல்லாம் உட்கார்ந்திருந்ததும் இத்தெருவின் பாத்திரக் கடை ஒன்றில்தான். மூங்கில் சிம்பும் தாளும் கொண்டு தொங்கு விளக்கு செய்கிற எனக்கு ஹோல்டர், ஒயர், நூல், பசைமாவு எல்லாம் இந்தத் தெருவிலேயே கிடைத்துவிடும்.

வருகிறவர்கள் இப்போது கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "ஜப்பானும் ஸ்காண்டிநேவியாவும் கலந்த மாதிரி வேணும்" என்கிறார்கள். நல்ல ஆசைதான். அந்த இரண்டு ஊர் விளக்குகளும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்த்தால், இரண்டுமே பல்பைக் கண்ணுக்குக் காட்டாதவை. மின்விளக்கின் கூச்சம் பொறுக்காத டென்மார்க்காரர் பவுல் ஹென்னிங்சன், மண்ணெண்ணெய் விளக்கின் இதமான ஒளியில் வளர்ந்தவர். 1920-களில் தொடங்கி அடுக்கடுக்கான மூடிகளின் வளைவைக் கணக்குப் போட்டே அமைத்தார். 1958-இல் வந்த அவருடைய பிஎச்5 விளக்கின் கீழே எங்கே உட்கார்ந்தாலும் பல்பு தெரியாது. சிற்பி இசாமு நொகுச்சி 1951-இல் ஜப்பானின் கிஃபு நகருக்குப் போய், அங்கத்திய தாள் விளக்குக் கைவினையைப் பார்த்து 'அகாரி' விளக்குகளைத் தொடங்கினார். மர அச்சின்மேல் மூங்கில் சிம்பைச் சுற்றி, முசுக்கட்டை இனத்து மரப்பட்டையில் செய்த தாளை ஒட்டி, காய்ந்தபின் அச்சைத் துண்டு துண்டாகக் கழற்றி வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது தாளும் மூங்கிலும் மட்டும். மடித்தால் தட்டையாகிவிடும்.

நானும் அந்த முறையில்தான் செய்கிறேன். ஆனால் திருவனந்தபுரத்தின் ஈரக்காற்று வேறு. மூங்கிலைச் சும்மா விட்டால் உளுத்துவிடும். பிளந்த சிம்பை வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துகிறேன். மைதாப் பசையில் பைண்டிங்காரர்கள் போல ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பேன். இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும், பூசணம் பூக்கும். துத்தம் விஷம் என்பதால் பசைச் சட்டியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோவதே இல்லை. பாண்டிச்சேரி ஆசிரமத்தின் கைத்தாள் பருத்தியில் ஆனது. ஜப்பான் தாளின் நீண்ட நார் அதில் கிடையாது என்பதால் மெல்லிய தாளாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒட்டும்போது லேசாக ஈரம் காட்டி ஒட்டினால், காய்ந்து இறுகி மத்தளத் தோல் போல விறைக்கும். விரலால் சுண்டிப் பார்ப்பேன். சத்தம் மந்தமாக வந்தால் அந்த ஓரம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இடவப்பாதி மழையில் இந்த வேலைக்குக் கையே வைப்பதில்லை.

தொங்கு விளக்கின் அழகைப் பார்க்க ஜப்பான் போகவேண்டியதில்லை. தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் முகப்பு மண்டபமான பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும். சங்கிலியின் வேலைப்பாடு அப்படி. அதைவிட என்னைக் கட்டிப்போடுவது அங்குள்ள நிழல். மரச் சட்டங்களுக்கிடையே வடிந்து வரும் வெளிச்சமும் பளபளக்கும் கருந்தரையும் சேர்ந்து, அறையைப் பாதி இருட்டாகவே வைத்திருக்கின்றன. தொங்கு விளக்கு அழகாவது அப்படிப்பட்ட இடத்தில்தான்.

நம் வீடுகளிலோ நான்கு சுவரிலும் வெள்ளை டியூப்லைட். அதற்கு நடுவே என் விளக்கைத் தொங்கவிட்டால் வெறும் தாள் உருண்டையாகத்தான் தெரியும். அதனால் வாங்குகிறவர்களிடம் பிடிவாதமாகவே சொல்கிறேன்: ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்காவது மற்றதை அணையுங்கள். ஏழு வாட் எல்இடி பல்பு போதும். பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருக்க வேண்டும். பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், அதன் சூட்டில் தாள் பழுத்துக் கருகும். மேசைப் பலகையிலிருந்து விளக்கின் அடிவிளிம்பு இரண்டு அடியிலிருந்து இரண்டரை அடிக்குள் நிற்கட்டும்.

எலக்ட்ரீஷியன் வந்ததும் "தலை இடிக்கும் சார்" என்று ஒயரை மேலே இழுப்பார். மேசைக்கு மேலே யாரும் நடக்கப்போவதில்லை என்று சொல்லுங்கள். அவரையும் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, நீங்களும் எதிரே உட்கார்ந்து, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற உயரத்தில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள்.