இரண்டு முறை கொடுத்த டீக்காசு

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு நாள், தொண்டியிலிருந்து தெற்கே காரங்காட்டுக்கு நடப்பது எங்கள் வழக்கம். ஐந்து பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். முன்பு முழுத் தூரமும் நடந்தோம். இப்போது பாதி நடை, பாதி ஆட்டோ. டீக்கடைகளை மட்டும் குறைக்கவில்லை.

இந்த வருடமும் விடியுமுன் கிளம்பினோம். மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், எங்கள் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் இந்தப் பக்கம் சொல்வார்கள். அன்று குளம் மாதிரி கிடந்தது. நம்புதாளையில் முதல் டீ, சுடச்சுடப் பருப்பு வடை. எங்களில் ஒருவர் தலைமையாசிரியராக இருந்தவர். வழக்கம்போல அவர்தான் காசு கொடுத்தார். சற்று நேரம் கழித்து எழுந்து போய் மறுபடியும் கொடுத்தார்.

"இப்பத்தானே சார் கொடுத்தீங்க" என்றார் கடைக்காரர். நாங்கள் சிரித்தோம். சாரும் சிரித்தார்.

அங்கிருந்து தார்ச்சாலையை விட்டு இறங்கினோம். இருபுறமும் சீமைக்கருவேலம், நடுவே ஒற்றையடிப் பாதை. கண்மாய்க்கரைப் பனைகளின் அடியில் கடைசிப் பனம்பழங்கள் விழுந்து மணத்தன. சார் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கம்தான். எப்போதும் அவர்தான் முன்னால் போவார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றுவிட்டார்.

"எந்தப் பக்கம் பாய்?" என்று மெதுவாகக் கேட்டார்.

யாரும் பேசவில்லை. பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் கண்ணு சரியாத் தெரியல சார். சேர்ந்தே போவோம்." போன வருடம் கண்புரை ஆபரேஷன் செய்தபின் பாய்க்குப் பேப்பரின் பொடி எழுத்துகூடத் தெரிகிறது.

காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து விடும் படகில் ஏறினோம். அலையாத்தி மரங்களைச் சுற்றிச் சேற்றில் பென்சில்களை நட்டுவைத்தது போல வேர்கள். சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சேத்துக்குள்ள காத்து கிடையாது. மூச்சு விடத்தான் வேரை மேல அனுப்புது. இலையை நக்கிப் பாருங்க, கரிக்கும். வேண்டாத உப்பை இலை வழியா வெளியே தள்ளுது" என்றார். ஒரு சொல் தடுமாறவில்லை. படகில் இருந்த பிள்ளைகள் வாய் பார்த்துக் கேட்டார்கள்.

அன்று இரவே அவர் மகனுக்குப் போன் செய்தேன். அவனும் கவனித்திருக்கிறான், யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்திருக்கிறான். மதுரையில் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. வைத்தியம் நடக்கிறது.

நம் வயதில் மறதி சகஜம் என்று விட்டுவிடுகிறோம். டீக்கடையில் நான் சிரித்தது இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வருடமும் சார் வருவார். அவர் எத்தனை முறை காசு நீட்டினாலும் பேசாமல் வாங்கி வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தை மகனிடம் சேர்ப்பது என் பொறுப்பு.