எல்லை தாண்டும் உறுமல்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கியது. தமிழும் மலையாளமும் இரு பக்கமும் கலந்தே ஒலிக்கின்றன. நம்பர் பிளேட் மட்டும் மாறும்: மார்த்தாண்டத்தில் டிஎன் 75, பாறசாலையில் கேஎல் 19, நெய்யாற்றின்கரையில் கேஎல் 20.

பழைய கார் எல்லை தாண்டிக் கைமாறினால் தடையில்லாச் சான்று, வரி, மறுபதிவு என்று அலைச்சல் உண்டு. அதற்கு முன்பே எஞ்சினின் குரலைக் கேட்பது நல்லது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னும் வண்டி தானாக ரேஸ் ஆகிறதா? முதல் சந்தேகம் கேபிள் மீது, அது சிக்கியிருக்கலாம். கேபிள் சரியென்றால், காற்று கள்ள வழியில் புகுகிறது. த்ராட்டில் மூடியிருந்தாலும் வெடித்த வேக்குவம் ஹோஸ் வழியாகவோ பழுதான மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியாகவோ நுழையும் காற்று வேகத்தை ஏற்றிவிடும். ஹோஸ்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்க்க வேண்டும். எதை நெரிக்கும்போது உறுமல் அடங்குகிறதோ, அந்த வழியில்தான் கசிவு.

ஸ்க்ரூவைத் திருகி உறுமலை மறைப்பவர்களும் உண்டு. ஆகவே வண்டியைக் காலையில், எஞ்சின் சூடாகும் முன் பார்க்க வேண்டும். பணம் கைமாறிய பிறகு தெரிந்து பயனில்லை. விற்றவர் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கலாம். காகிதங்களோ மறுபடி மாநிலம் விட்டு மாநிலம் போக வேண்டும்.