கம்பியைப் பிடுங்குவதற்கு முன்

வியாழன், மாலை

ஐப்பசி மழை மலையில் பிடித்துவிட்டது. பிளவக்கல் பெரியாறு அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கோவிலாறு அணையிலும் அப்படித்தான் என்றார்கள். நாளை இரவு, வத்திராயிருப்புப் பக்கம் நண்பரின் தென்னந்தோப்பில் சின்னதாக ஒரு இசை நிகழ்ச்சி. மதுரையிலிருந்து ஒரு தம்பி மாடுலர் சிந்தசைசரோடு (துண்டுகளைக் கம்பியால் இணைத்து ஒலி எழுப்பும் மின்னணுக் கருவி) வருகிறான். ராஜபாளையத்துப் பெண் ஒருத்தி, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளின் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறாள். அதை மடிக்கணினியில் வெட்டி அடுக்கி அங்கேயே வாசிக்கப் போகிறாள். நிகழ்ச்சியைப் பதிவு செய்வது என் பொறுப்பு.

எங்கே வாசிப்பது என்று நிறைய யோசித்தோம். இந்த மலை சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமானது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. காட்டோரத்தில் ஸ்பீக்கர் வைப்பது நியாயமில்லை. அதனால் ஊரை ஒட்டிய தேங்காய்க் கிட்டங்கியைக் காலி செய்திருக்கிறார் நண்பர். கதவைச் சாத்திக்கொண்டு, சிறிய ஸ்பீக்கர்களில், இருபது பேருக்குள் கேட்டுக்கொள்வோம்.

வியாழன், இரவு

ஹெட்போனில் அகமதாபாத் நாடாக்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1969இல் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, மோக் சிந்தசைசரும் டேப் ரெக்கார்டர்களும் கொண்ட ஒரு ஸ்டூடியோவை அமைத்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் மௌனப் படைப்பை 1952இல் முதன்முதலில் மேடையேற்றியவர் இவர். கேஜுக்கு 1940களில் நியூயார்க்கில் இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்த கீதா சாராபாயும் இந்த ஸ்டூடியோவில் இசையமைத்தார். ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அங்கே வேலை செய்தார்கள். 1972 வாக்கில் அந்த ஓட்டம் நின்றது.

அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்திலேயே கிடந்தன. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் தேடிப்போய்க் கண்டெடுத்தார். 2020இல் பிபிசி வானொலியில் அதைப் பற்றி நிகழ்ச்சி செய்தார். 2023இல் அவை ஆல்பமாக வெளிவந்தன. அதுவரைக்கும், மின்னணு இசையில் நமக்கு இப்படி ஒரு முன்வரலாறு உண்டு என்பது மிகச் சிலருக்கே தெரிந்திருந்தது.

இவை மேடையில் வாசித்தவை அல்ல, ஸ்டூடியோவில் உருவானவை. ஆனாலும் எனக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மோக் மாதிரியான கருவியில் ஒலி பிறப்பது கம்பி இணைப்புகளில்தான். எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்குக் கம்பி போகிறது, எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதே இசை. கம்பிகளைப் பிடுங்கி அடுத்தவர் உட்கார்ந்துவிட்டால், முந்தைய ஒலியை அச்சு அசலாகத் திரும்பக் கொண்டுவருவது ஏறக்குறைய முடியாத காரியம். கீர்த்தனைக்குச் சாகித்யம் உண்டு, ஸ்வரக் குறிப்பு உண்டு, சீடர்கள் உண்டு. இந்த இசைக்கு அன்று பதிவான நாடா மட்டும்தான் உண்டு.

வெள்ளி, முற்பகல்

மைக் செட் அண்ணாச்சி டெம்போவில் வந்து இறங்கினார். இந்த வட்டாரத்தில் முளைப்பாரி, கொடை, கல்யாணம் எதுவானாலும் குழாய் கட்டியவர். கிட்டங்கியில் மோட்டார் லைனிலிருந்து மின்சாரம் எடுத்ததால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். எர்த் சரியில்லை என்று பார்த்தவுடனே சொல்லி, வேறு லைன் இழுத்தார். உறுமல் நின்றது.

நான் இரண்டு வழியில் பதிவு செய்கிறேன். மிக்சரிலிருந்து நேரடியாக ஒரு ஜோடி டிராக். ஸ்பீக்கரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இரண்டு மைக் வைத்து இன்னொரு ஜோடி. காற்றில் வரும் ஒலி ஐந்து மீட்டரைக் கடக்கச் சுமார் 15 மில்லி விநாடி ஆகும். அதனால் தொடங்கும்போது மிக்சர் வழியாக ஸ்பீக்கரில் ஒரு ‘டிக்’ ஒலியை விட்டால், பிறகு இரண்டையும் அந்த ஒலியை வைத்துச் சேர்த்துவிடலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்: ஒரு ஜோடிக்கு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. மின்னணு இசையில் ஒலி சொல்லாமல் கொள்ளாமல் எகிறும் என்பதால், ஒத்திகையின் உச்சமே மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வைத்தேன்.

“மிக்சர்ல இருந்தே சுத்தமா வருதே, பெறகு மைக் எதுக்கு?” என்று மதுரைத் தம்பி கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி சொன்னார்: “வில்லுப்பாட்டுக்கும் இதே கததான் தம்பி. ஆம்ப்ளிஃபயர்ல இருந்து மட்டும் கேசட்டுல எடுத்தா பாட்டு இருக்கும், ஊரு இருக்காது.”

வெள்ளி, நள்ளிரவு

தம்பி முதலில் வாசித்தான். அடியில் ஒரே ஸ்ருதி நீண்டு நிற்க, அதன் மேல் சிறு சிறு துடிப்புகள் விலகி விலகிப் போய் மறுபடி சேர்ந்தன. அடுத்து அந்தப் பெண். தறியின் ஓடம் இடமும் வலமும் அடிக்கும் சத்தத்தில் தொடங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக அதை இழுத்து, மெதுவாக்கி, ஒவ்வொரு அடியும் ஒரு பெரிய உடுக்கை அடிபோல் விழும்படி செய்தாள். பார்க்க வந்திருந்த தறிக்காரர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாள் முழுக்க அவர் காதை அடைக்கும் சத்தம், அங்கே அவர் உற்றுக் கேட்கும் இசையாகியிருந்தது.

பாதியில் மழை பிடித்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அது கொட்டிய கொட்டில் தறி ஓசை காணாமல் போனது. அவள் சத்தத்தைக் கூட்டவில்லை, அடியோடு குறைத்தாள். சில நிமிடங்கள் மழை மட்டும். பிறகு அதன் ஓட்டத்துக்குள் தறியின் ஒற்றை அடியை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தாள். மழை தணியத் தணிய அடி நெருங்கியது.

சனி, காலை

இரண்டு பதிவுகளையும் கேட்டேன். மிக்சர் பதிவில் மழை பெய்த அந்த இடம் வெறும் பள்ளம். கருவி பழுதாகிவிட்டதோ என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். மைக் பதிவில்தான் அது இசை. அவள் எதைக் கேட்டு அப்படி முடிவெடுத்தாள் என்பது மைக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் கலந்து, மழையை அப்படியே விட்டுவிட்டேன். கேட்டவர்களின் இருமலையும் வெட்டப்போவதில்லை. நேரடிப் பதிவின் வேலை ஆல்பத்தோடு போட்டிபோடுவது அல்ல. ஒரு கலைஞர் ஓர் இடத்தில், ஓர் இரவில், இன்னாரின் முன் என்ன முடிவெடுத்தார் என்பதற்குச் சாட்சி சொல்வது.

சனி, மாலை

இருவரிடமும் கேட்டேன்: எதை வெளியிடலாம், எதை வேண்டாம்? தம்பி முதல் ஏழு நிமிடத்தை விட்டுவிடச் சொன்னான், விட்டுவிட்டேன். வாசித்தவர் சம்மதமில்லாமல் ஒரு நொடிகூட வெளியே போகக்கூடாது. சம்மதம் கிடைத்தபின் பூட்டி வைப்பதும் கூடாது.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் குழு 1984இல் தன் கச்சேரிகளில் பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. விற்கக்கூடாது, பகிரலாம் என்பதே விதி. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாக 2002இல் இன்டர்நெட் ஆர்க்கைவில் நேரடி இசைக்கென்று ஒரு களஞ்சியம் உருவானது. ஆயிரக்கணக்கான ரசிகர்களிடம் பிரதிகள் இருந்ததால்தான் அது சாத்தியமானது. நம் சரண்ஜித் சிங் 1982இல் சிந்தசைசரில் பத்து ராகங்கள் வாசித்துப் பதிவு செய்த ரெக்கார்டு அன்று கவனிக்கப்படாமலே போனது. ஒரு பிரதி டச்சுக்காரர் ஒருவர் கைக்குப் போய் 2010இல் மறுபடி வெளிவந்தபோதுதான் உலகம் அவரைத் தேடி வந்தது. 2015இல் இறப்பதற்கு முன் வெளிநாட்டு மேடைகளில் அதை வாசிக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. காப்பாற்றியது கையிலிருந்து கைக்குப் போன பிரதிதான்.

ஞாயிறு, காலை

ஃபிளாக் வடிவில் மாற்றினேன். ஒலி ஒரு துளியும் குறையாமல் கோப்பின் அளவு கணிசமாக இறங்கும். தேதி, ஊர், கிட்டங்கி, மழை, என்ன கருவி, என்ன மைக், எங்கே வைத்தது, யார் அனுமதித்தது எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்த்தேன். தம்பியின் கம்பி இணைப்புகளைப் பிடுங்குவதற்கு முன் எடுத்த படமும் உள்ளே இருக்கிறது. இருவருக்கும் ஆளுக்கு ஒரு பிரதி, ஒன்று அண்ணாச்சிக்கு, ஒன்று தறிக்காரருக்கு, ஒன்று இணையக் களஞ்சியத்துக்கு.

மதுரையிலோ சிவகாசியிலோ ஒரு மாடியில் நான்கு பேர் முன்னால் யாராவது இப்படி வாசித்துக்கொண்டிருந்தால், அங்கே ஒருவர் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டால் போன் போதும். பெயரும் தேதியும் எழுதுங்கள், அனுமதி கேளுங்கள், பிரதி கொடுங்கள். யாரோ ஒருவர் வந்து காப்பக அலமாரியில் கண்டெடுக்கட்டும் என்று இன்னொரு ஐம்பது வருடம் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.