பீடத்துகிலின் ஓரம்

முதல் வெள்ளிதோறும் நம் பங்கிலுள்ள நோயாளர்களின் இல்லங்களுக்கு நற்கருணை ஆண்டவரை எடுத்துச் செல்வது வழக்கம். பதினொரு இல்லங்கள். ஐம்பது வயதைக் கடந்த பின்னும் குருவானவர் கற்க வேண்டியது மிகுதி என்பதை, அவற்றுள் ஏழாவது இல்லத்தில் உணர்ந்தோம்.

அவ்வில்லத்தின் தலைவிக்கு வயது நாற்பத்தாறு. கணவர் பள்ளி ஆசிரியர். பத்தாம் வகுப்பில் ஒரு மகள், ஆறாம் வகுப்பில் ஒரு மகன், முதுமையால் பார்வை இழந்த மாமியார். அமைதியாக ஓடிக்கொண்டிருந்த அக்குடும்பத்திற்குள் மார்பகப் புற்றுநோய் வந்து நுழைந்தது. அறுவை மருத்துவம் முடிந்தபின், மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். முடி உதிர்ந்தது. நாவில் சுவை அற்றது. விரல் நுனிகள் மரத்துப் போயின.

அம்மையார் முளகுமூட்டில் பிறந்தவர். 1897 ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டிலிருந்து அவ்வூருக்கு வந்த அன்னை மரிய லூயிஸ் தோற்றுவித்த சபையின் கன்னியரிடம் பின்னல் வேலை கற்ற பெண்கள் அங்குப் பலர். அம்மையாரின் தாயார் அவ்வழியில் கற்றவர், மகளுக்கும் கற்றுக்கொடுத்தார். அடுக்களை வேலை முடிந்த பிற்பகல் வேளைகளில் வெண்ணூலும் குரோஷா ஊசியுமாக அமர்வது அவருக்குப் பேரின்பம்.

ஒரு முதல் வெள்ளியன்று நற்கருணை வழங்கியபின் சற்று அமர்ந்திருந்தோம். கட்டிலில் சாய்ந்தவாறே அவர் எதையோ பின்னத் தொடங்கினார். நம் ஆலயப் பீடத்துகிலுக்கு ஓரப் பின்னல் என்றார். நாம் பார்த்திருக்கையிலேயே ஊசி இருமுறை கையிலிருந்து நழுவியது. இரக்கம் மேலிட, "அம்மா, இதையெல்லாம் இனி ஒதுக்கி வையுங்கள். மார்த்தாவாக உழைத்தது போதும். மரியாவைப்போல் ஆண்டவரின் பாதத்தில் அமர்ந்து, உங்கள் நோவை ஒப்புக்கொடுங்கள்" என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நோவ ஒப்புக்கொடுக்கத்தான் செய்யுதேன் சாமி. ஆனா அது நான் கேட்டு வந்தது இல்லியே. இந்த நூலு நானா எடுத்தது. நானா குடுக்கதுக்கு எனக்கு வேற என்ன இருக்கு?"

நம்மிடம் மறுமொழி இல்லை. வாசல்வரை வழியனுப்ப வந்த மகள், "அம்மா பின்னுத அன்னைக்குத்தான் சாமி எங்கள ஏசுவாங்க. ஏசாம படுத்திருந்தா எங்களுக்குப் பயமா இருக்கும்" என்றாள்.

அதன்பின் அவ்வில்லத்தை உற்று நோக்கினோம். மகன் நூலைச் சுற்றிக் கொடுக்கிறான். கணவர் சோறு வடிக்கப் பழகி, குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று கட்டிலருகே வந்து கேட்கிறார். மருமகளின் விரல்களுக்கு உணர்வில்லை. மாமியாரின் கண்களுக்கு ஒளியில்லை. எனவே பின்னி முடித்த பகுதியை மாமியார் விரலால் தடவிப் பார்த்து, "இங்க ஒரு கண்ணி விட்டுப் போச்சு பிள்ளே" என்கிறார். இரவில் செபமாலையைத் தொடங்குபவரும் அம்மூதாட்டியே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் 34 ஆம் பிரிவை அன்றிரவு எடுத்துப் படித்தோம். குருமடத்தில் பயின்று, தேர்வும் எழுதிய பகுதிதான். பொதுநிலையினரின் செபம், இல்லற வாழ்வு, அன்றாட உழைப்பு, உடலும் உள்ளமும் இளைப்பாறும் நேரம், பொறுமையோடு தாங்கும் துன்பம் ஆகிய யாவும் ஆவிக்குரிய பலிகளாகி, திருப்பலியில் ஆண்டவரின் திருவுடலோடு சேர்த்துத் தந்தைக்கு ஒப்புக்கொடுக்கப்படுகின்றன என்பது சங்கத்தின் போதனை. அவ்வரிசையில் துன்பம் ஒன்று மட்டுமே இல்லை. நாமோ அம்மையாரிடமிருந்து துன்பத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, மற்றவற்றை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தோம். திருமுழுக்கினால் குருத்துவ மாண்பு பெற்ற ஒருவரை, நம்மை அறியாமலே வெறும் நோயாளி ஆக்கிவிட்டோம்.

குழந்தை இயேசுவின் தெரேசாவை நம் மக்கள் நன்கு அறிவர். அவருடைய தாயார் செலி மார்ட்டின் பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் பின்னல் வேலையைத் தொழிலாகக் கொண்டவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, நால்வரைச் சிறு வயதிலேயே இழந்தவர். அவரையும் மார்பகப் புற்றுநோயே பற்றியது. 1877 ஜூன் மாதம் லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்றார், குணம் கிட்டவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 28 அன்று, 45 ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் எழுதிய மடல்கள் இன்றும் உள்ளன. செபமும் பிள்ளைகளின் உடல்நலமும் பின்னல் வேலையின் நெருக்கடியும் அவற்றில் பிரிக்க இயலாதவாறு கலந்து வருகின்றன. 2015 ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அவரையும் அவர் கணவர் லூயியையும் ஒருசேரப் புனிதராக உயர்த்தினார். புதுமை நிகழாத அந்த இல்லத்திலும் புனிதம் விளைந்தது.

அடுத்த முதல் வெள்ளியன்று அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதுக்கென்ன சாமி" என்று சொல்லிவிட்டு, ஓரத்தின் அளவு சரியா என்று கேட்டார்.

அப்பின்னல் பாஸ்காத் திருவிழிப்பன்று பீடத்தை அணிசெய்தது. வலப்புற மூலையில் ஒரு சாண் அளவுக்குக் கண்ணிகள் தளர்ந்து, கோணலாக இருந்தன. ஆலயப் பணியாளர் அப்பகுதியைப் பிரித்துப் பின்னித் தர ஆள் பார்க்கலாமா என்று கேட்டார். அம்மையார் இசையவில்லை. "அது நாலாவது மருந்து ஏத்துன மாசம் பின்னினது. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இப்போது மருந்தேற்றும் காலம் முடிந்துவிட்டது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. அந்த நாள் நெருங்கினால் அவ்வில்லத்தில் எவருக்கும் உறக்கமில்லை. அச்சம் நீங்கிவிட்டது என்று நாம் எழுதினால் அது உண்மையாகாது.

அன்பர்களே, நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும்போது, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இன்று என்ன செய்தீர்கள்?" என்றும் கேளுங்கள். காட்டுவதற்கு அவர்களிடம் ஏதேனும் இருக்கும்.

திருப்பலியின் தொடக்கத்தில் பீடத்தை முத்தமிடக் குனியும்போது, அந்த ஒரு சாண் இடம் நம் கைக்கருகே வருகிறது. அப்பத்தையும் இரசத்தையும் கையில் எடுக்கும் முன்னரே, நம் பங்கு மக்களின் காணிக்கை பீடத்திற்கு வந்துவிட்டதை அது நாள்தோறும் நமக்கு நினைவூட்டுகிறது.