மூலிகையும் மருந்துதான்

அம்மாவுக்கு பிரஷர் ஏறியதும் ஆளாளுக்கு ஆயுர்வேத யோசனை சொன்னார்கள். அதில் நல்லது நிறைய உண்டு. விடியலில் எழுவது, நிதானமான மூச்சுப் பயிற்சி, பொழுதோடு எளிய சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம் என எல்லாவற்றையும் அம்மா விடாமல் செய்கிறார். ஊறுகாயும் அப்பளமும் தட்டைவிட்டுப் போய்விட்டன. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள்தான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மூலிகை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-ல் பிரித்தெடுத்த ரெசர்பின் ரத்த அழுத்தத்தைக் குறைத்தது உண்மை. மூக்கடைப்பு, சோர்வு போன்ற பக்கவிளைவுகளும் கூடவே வந்தன. இருமலுக்கு மெல்லும் அதிமதுரம் அளவு மீறினால் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

சாப்பிடும் சூரணம், லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் பிரஷர் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.